பேராசிரியர் மேகநாத சாகாவும் கல்கத்தாவின் அணுப்பொறியும்

அறிவுலகிற் பெரும்பெயர் பெற்ற சான்றோர் வரலாறுகளை மாணவர்க்கு எடுத்துரைக்குங்கால், அவர்கள் பெற்ற வெற்றிகளை நிரல்பட அடுக்கிக் கூறுதல் வழக்கம். கைகூடாத முயற்சியொன்றினையும் அவ்வரிசையில் வைத்துப் பேசுவார் அரியர். எனினும், ஒருவர் தொடங்கிய பணி அவர் வாழ்நாளில் நிறைவுறாது போயினும், அப்பணியினால் நாட்டுக்கு விளைந்த நன்மை, நிறைவுற்ற பணிகள் சிலவற்றினும் மேம்பட்டு நிற்றல் உண்டு. வங்கநாட்டு விஞ்ஞானியாகிய மேகநாத சாகா அவர்கள் கல்கத்தா நகரில் அமைக்க முயன்ற அணுப்பொறியின் கதை அத்தகையது. அதனை இச்சிறப்பு மலரின் வாயிலாக நம் மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், பழைய மாணவர்க்கும் கூற விழைகின்றேன்.

வங்கத்து விஞ்ஞானி ஒருவருக்கும் மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள கல்லடிக்கும் யாது தொடர்பு என வினவுவோர் இருக்கலாம். கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்த விபுலாநந்த அடிகளார் 1892 ஆம் ஆண்டிற் பிறந்தவர். சாகா 1893 ஆம் ஆண்டிற் பிறந்தவர். முத்தமிழ்ப் புலவரென நாம் போற்றும் அடிகளார், அதற்கு முன்னரே விஞ்ஞான ஆசிரியராய் விளங்கியவர். 1920 ஆம் ஆண்டில் அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டிலேதான் சாகா தம் பெயரை உலகறியச் செய்த ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். எளிய ஊர்களிற் பிறந்து, அந்நியர் ஆட்சிக் காலத்திற் கல்வி பயின்று, கற்ற விஞ்ஞானத்தைத் தம் மக்களுக்கு உரியதாக்க முனைந்த ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இவ்விருவரும். ஆதலின் சாகாவின் வரலாறு நமக்கு அயலதன்று.

இளமை

டாக்கா மாவட்டத்திலே சியோரதலி என்னும் சிற்றூரில், 1893 ஆம் ஆண்டு ஒற்றோபர் 6 ஆம் நாள் மேகநாதர் பிறந்தார். தந்தையார் ஜகந்நாத சாகா சிறுகடை வணிகர். தாயார் புவனேசுவரி தேவி. எண்மர் பிள்ளைகளுள் மேகநாதர் ஐந்தாமவர். ஊர்ப் பள்ளியிற் கல்வி முடிந்ததும் மகனைக் கடையில் இருத்திக் கொள்ளலாம் என்பதே தந்தையாரின் எண்ணம். நடுநிலைப் பள்ளியோ ஏழு மைல் தொலைவில் இருந்தது. அங்கு தங்கிப் படிப்பதற்குப் பொருள் இல்லை.

அந்நிலையில், சணலாலையில் வேலை பார்த்த தமையனார் தம்பியின் கல்விக்காக அலைந்து, அனந்தகுமார தாசர் என்னும் வைத்தியரின் உதவியைப் பெற்றுக் கொடுத்தார். அவ்வைத்தியர் தம் இல்லத்திலேயே சிறுவனுக்கு உணவும் உறைவிடமும் நல்கினார். சிறுவன் தான் உண்ட கலத்தைத் தானே கழுவுதலும், வீட்டுப் பசுவைப் பேணுதலும் அதற்கு ஈடாகும். இவ்வேலைகளுக்கிடையே கற்ற மேகநாதர், பரீட்சையில் முதன்மை பெற்றுப் புலமைப்பரிசிலும் அடைந்து, 1905 ஆம் ஆண்டில் டாக்கா நகரத்து அரசினர் பாடசாலையிற் சேர்ந்தார்.

அவ்வாண்டில் வங்கம் இரு கூறாகப் பிரிக்கப்பட்டது. நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. ஆளுநர் புல்லர் பாடசாலைக்கு வருகை தந்தபோது மாணவர் சிலர் எதிர்ப்புக் காட்டினர். மேகநாதரும் அவர்களுள் ஒருவர். அதன் விளைவாகப் புலமைப்பரிசிலை இழந்தார். பாடசாலையை விட்டும் நீக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு இது சிறிய இழப்பன்று. எனினும் கிசோரிலால் யூபிலிப் பாடசாலை அவரை ஏற்றுக்கொண்டது. 1909 ஆம் ஆண்டில் நடந்த பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சையிற் கிழக்கு வங்கத்து மாணவர்களுள் முதலிடம் பெற்றார்.

கல்கத்தாவிற் கல்வி

டாக்காக் கல்லூரியில் ஈராண்டு பயின்றபின், 1911 ஆம் ஆண்டிற் கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். இரசாயனத்தைப் பிரபுல்ல சந்திர ராயும், பௌதிகவியலை ஜகதீச சந்திர போசும் அங்கே கற்பித்தனர். உடன்பயின்றவர்களுள் ஒருவர் பின்னாளில் ஐன்ஸ்டைனோடு சேர்த்துப் பெயர் சொல்லப்பட்ட சத்தியேந்திரநாத போஸ். கணிதச் சிறப்புப் பட்டப் பரீட்சையிலும், 1915 ஆம் ஆண்டின் முதுமாணிப் பரீட்சையிலும் சத்தியேந்திரர் முதலாமவராகவும் மேகநாதர் இரண்டாமவராகவும் தேறினர்.

அறிவிற் சிறந்த அவ்விளைஞருக்கு மாணவர் விடுதியிற் கிடைத்தது நல்வரவேற்பன்று. குலத்தின் பெயரால் அவரைத் தாழ்ந்தவராகக் கருதிய மாணவர் சிலர் அவரோடு ஒரே பந்தியில் இருந்து உண்ண மறுத்தனர். மேகநாதர் அதனை மறந்தாரல்லர். ஆயினும் அதனாற் சோர்ந்தாருமல்லர். பிறப்பினால் ஒருவர்க்கு அறிவின் வாயில் அடைபடலாகாது என்னும் உறுதி அவர் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை.

அவருடைய ஆசிரியர் ஜகதீச சந்திர போஸ் செய்த பணியொன்றினை ஈண்டுக் குறித்தல் வேண்டும். 1895 ஆம் ஆண்டளவிற் கல்கத்தா நகரமண்டபத்தில், கம்பியின்றிச் செல்லும் மின்காந்த அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டியவர் அவர். மிகக் குறுகிய அலைகளை உலோகக் குழாய்களினூடே செலுத்தும் முறையையும் அவர் கையாண்டார். இன்று துணிக்கை ஆர்முடுக்கிகளுக்குப் பேராற்றல் மின்னலைகளைக் கொண்டு செல்லும் உலோக அலைவழிகள், அக்குழாய்களின் வழிவந்தனவே. ஆர்முடுக்கியாவது, அணுவினும் நுண்ணிய துணிக்கைகளைப் பெருவேகத்திற்கு உந்தும் பொறி.

விண்மீன்களின் ஒளி

அரசியற் கிளர்ச்சியாளரோடு தொடர்புடையவர் என்னும் ஐயத்தினால், அரசின் நிதித்துறைப் பரீட்சைக்குத் தோற்றும் வாய்ப்பு மேகநாதருக்கு மறுக்கப்பட்டது. அரசு இழந்தவரை விஞ்ஞானம் பெற்றுக்கொண்டது. துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி அவரையும் சத்தியேந்திரரையும் 1916 ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் விரிவுரையாளராக்கினார். கணிதம் கற்ற அவ்விருவரும் பௌதிகவியலைத் தாமே பயின்று பிறர்க்குக் கற்பித்தனர். சார்புக் கொள்கை பற்றி ஐன்ஸ்டைனும் மின்கோவ்சுகியும் ஜேர்மன் மொழியில் எழுதிய கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். அந்நூலைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920 ஆம் ஆண்டில் வெளியிட்டது.

அவ்வாண்டிலேயே சாகாவின் அயனாக்கக் கொள்கையும் வெளிவந்தது. வெப்பம் மிக்க வாயுவில் அணுக்கள் தம் இலத்திரன்களை இழந்து மின்னேற்றம் பெற்ற அயன்களாகின்றன. எத்தனை பங்கு அணுக்கள் அவ்வாறு மாறும் என்பது வெப்பநிலையையும் அமுக்கத்தையும் பொறுத்தது. அத்தொடர்பைக் கணக்கிட்டறியும் சமன்பாட்டைச் சாகா வகுத்தார். அதுகாறும் விண்மீன்களின் நிறமாலையிற் கண்ட கோடுகளுக்குப் பொருள் காணாது திகைத்தவர்கள், அச்சமன்பாட்டைக் கொண்டு அவ்விண்மீன்களின் வெப்பநிலையை அளக்கத் தொடங்கினர். எட்டாத தொலைவிலுள்ள சுடரின் சூட்டை, ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு அறிய வழி பிறந்தது. பின்னர் இலண்டனில் பவுலரின் ஆய்வுகூடத்திலும், பேளினில் நேர்ண்ஸ்டின் ஆய்வுகூடத்திலும் அவர் பணிபுரிந்து நாடு திரும்பினார். 1927 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரைத் தன் அங்கத்தவராகத் தெரிந்தெடுத்தது.

அலகாபாத்தில்

1923 ஆம் ஆண்டு தொடக்கம் 1938 ஆம் ஆண்டு வரை சாகா அலகாபாத்துப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் இருந்தார். அங்கே வளிமண்டலத்தின் மேற்படைகளில் வானொலி அலைகள் செல்லும் வகையைத் தம் மாணவரோடு ஆராய்ந்தார். ஞாயிற்றின் கதிர்களால் மேல்வளியில் அயன்கள் உண்டாகின்றன. அவ்வயன் படையினாலே சிற்றலை வானொலி அலைகள் மீண்டும் நிலம் நோக்கித் திருப்பப்படுகின்றன. கடலுக்கு அப்பாலுள்ள நாட்டின் ஒலிபரப்பு நம்மூர் வானொலிப் பெட்டியிற் கேட்பது இதனாலேயாம். அயன்களும் வானொலி அலைகளும் ஒன்றோடொன்று உறவாடும் இத்துறையிற் பெற்ற பயிற்சி, சாகாவை அணுப்பொறியின் வாயிலிற் கொண்டுவந்து நிறுத்தியது எனலாம். அணுப்பொறியும் அயனையும் வானொலி அலையையும் ஒன்று சேர்க்கும் கருவியே அன்றோ!

அணுப்பொறியின் இயல்பு

சைக்கிளோத்திரன் எனப்படும் சுழல் ஆர்முடுக்கியின் தத்துவத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். அணுவின் கருவை ஆராய வேண்டுமாயின், மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளைப் பெருவேகத்தோடு அதன்மீது மோதவிடல் வேண்டும். அவ்வேகத்தை ஒரே உந்தலிற் கொடுப்பதற்குப் பல இலட்சம் வோல்ற்று மின்னழுத்தம் வேண்டும். அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் கருவிகளை ஆக்குதல் எளிதன்று. நோர்வே நாட்டவராகிய வீடரோ, சிறு உந்தல்களைப் பலமுறை கொடுத்தால் அதே பயன் விளையும் என்பதை 1928 ஆம் ஆண்டிற் செய்து காட்டினார். அக்கட்டுரையைக் கண்ணுற்ற அமெரிக்கப் பேராசிரியர் எர்ணஸ்ட் இலோரன்ஸ், துணிக்கைகளை நேர்வழியிற் செலுத்தாது காந்தத்தின் துணையால் வட்டமாகச் சுழலவிட்டால், ஒரே இடைவெளியிற் பலமுறை உந்தலாம் எனக் கண்டார். 1931 ஆம் ஆண்டில் அவரும் அவருடைய மாணவர் லிவிங்ஸ்ரனும் இயக்கிய முதற்பொறி நாலரை அங்குல அகலமே உடையது. அது துணிக்கைகளுக்கு 80,000 வோல்ற்றுக்கு ஒப்பான ஆற்றலைக் கொடுத்தது.

சித்திரைப் புத்தாண்டில் நம் சிறுவர் ஊஞ்சலாடுவதைக் காண்கின்றோம். ஊஞ்சல் திரும்பும் வேளையறிந்து மெல்லத் தள்ளினால், அது மேலும் மேலும் உயரச் செல்லும். வேளை தவறித் தள்ளினால் ஆட்டம் குன்றும். அணுப்பொறியிலும் நிகழ்வது இதுவே. வெற்றிடமான ஒரு கலத்தினுள் இரு பொள்ளலான உலோகப் பாதிகள் எதிரெதிரே வைக்கப்பட்டிருக்கும். காந்தத்தின் ஆட்சியில் துணிக்கைகள் அவற்றினுள் வட்டமிடும். மெல்லச் செல்லும் துணிக்கை சிறுவட்டத்தையும், விரைந்து செல்லும் துணிக்கை பெருவட்டத்தையும் ஒரே கால அளவிற் சுற்றிவரும் என்பது இயற்கையின் அருமையான அமைதி. ஆதலின், உலோகப் பாதிகளின் மின்னேற்றத்தை ஒரு சீரான மீடிறனில் மாற்றிக்கொண்டே இருந்தாற் போதும். துணிக்கை இடைவெளியைக் கடக்கும்போதெல்லாம் உந்தல் பெறும். மீடிறனாவது, ஒரு வினாடியில் ஓர் அசைவு மீள நிகழும் தடவைகளின் தொகை.

பத்தாயிரம் கவுசு வலிமையுடைய காந்தப் புலத்தில் புரோத்தன் துணிக்கை வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கோடி முறை சுற்றும். சிற்றலை வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் மீடிறனும் இவ்வரிசையிலேயே உள்ளது. எனவே அணுப்பொறியின் உயிர்நிலை ஒரு வலிய வானொலிப் பரப்பியே எனின் மிகையாகாது. இலோரன்ஸ் தம் பெரிய பொறிகளுள் ஒன்றிற்குப் பயன்படுத்திய 80 தொன் காந்தமும், வானொலிப் பரப்பிக்கென ஒரு நிறுவனம் செய்து வைத்திருந்ததே. ஒவ்வொரு கடப்பிலும் 50,000 வோல்ற்று உந்தல் கிடைப்பின், சுற்றொன்றுக்கு இருமுறையாக, நூறு சுற்றுகளில் ஒரு கோடி வோல்ற்றுக்கு ஒப்பான ஆற்றல் துணிக்கைக்குச் சேரும்.

சோதனை என்னும் தவம்

இத்தகைய பொறியின் மின்னலைக் கருவிகளை ஆக்குதல் ஒரு பாதியெனின், அவற்றைச் சோதித்தல் மறுபாதி. வீட்டுக்கு வாங்கிய விளக்கைப் போல ஆளியை அழுத்தியவுடன் முழு ஆற்றலோடு இயக்க இயலாது. முதலில், மின்னலை ஆக்கியை ஆர்முடுக்கியோடு இணையாது, ஒரு போலிச் சுமையோடு இணைப்பர். அச்சுமை, வந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கித் தன்னைச் சூழ்ந்து ஓடும் நீருக்குக் கொடுக்கும். வினாடிக்கு ஒரு லீற்றர் நீர் ஓடி, அதன் வெப்பம் 10 பாகை உயருமாயின், ஏறக்குறைய 42 கிலோவாற்று ஆற்றல் வந்து சேர்ந்தது என்று கணக்கிடலாம். கண்ணுக்குத் தெரியாத மின்னலையின் வலிமையை, வெப்பமானியும் நீரும் கொண்டு அளக்கும் இம்முறை எளியது, ஆயினும் நம்பத்தக்கது.

அடுத்து, அலை திரும்பி வருகின்றதா என நோக்குவர். வாவியில் எழுந்த அலை கற்சுவரில் மோதித் திரும்புவது போல, பொருந்தாத இணைப்பில் மோதிய மின்னலையும் வந்த வழியே திரும்பும். திரும்பும் அலை மிகுந்தால் மின்னலை ஆக்கியே கேடுறும். ஆதலின் செல்லும் அலையையும் மீளும் அலையையும் இடையறாது அளந்து, மீள்வது மிகுந்த கணத்திலேயே மின்னைத் துண்டிக்கும் காவலமைப்புகளை வைப்பர்.

இறுதியில் வெற்றிடக் கலத்தினுள் அலையைச் செலுத்துவர். புதிய மண்சட்டியை நம் தாய்மார் எவ்வாறு பழக்குகின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க. கடையில் வாங்கிய சட்டியைப் பெருந்தீயில் ஏற்றினால் அது வெடிக்கும். கஞ்சிநீர் வார்த்து, மெல்லிய தீயிற் பல நாள் வைத்து, சிறுகச் சிறுகச் சூடேற்றியே சட்டியை உலைக்குரியதாக்குவர். அவ்வண்ணமே உலோகக் கலத்தையும் பழக்குதல் வேண்டும். புதிய உலோகப் பரப்பில் ஒட்டியிருக்கும் வளியும் மாசும், மின்னலை பட்டவுடன் வெளிப்பட்டு வெற்றிடத்தைக் கெடுக்கும், பொறி பறக்கும். உடனே மின்னை நிறுத்தி, பம்பிகள் வளியை அகற்றும் வரை காத்திருந்து, மீண்டும் சற்றுக் குறைந்த ஆற்றலில் தொடங்குவர். இவ்வாறு நாட்கணக்கிலும், சிலபோது வாரக்கணக்கிலும் ஆற்றலைப் படிப்படியாக உயர்த்துவர். அப்போது கலத்தினின்று எக்சுக் கதிர்களும் எழக்கூடுமாதலின், ஈயத் தகடுகளுக்கு அப்பால் நின்றே அளவிடுவர். இவ்வேலையில் அவசரம் உதவாது. அளவுகளைக் குறித்துவைத்தலும், பொறுத்திருத்தலும், பழுதுக்குக் காரணம் தேடுதலுமே உதவும்.

இங்கே ஓர் உண்மையை மாணவர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கலத்தினுள் இருக்கும் வளி, வெளிவளியின் கோடியில் ஒரு பங்கினும் குறைவாக இருந்தாலன்றி உயரழுத்த மின்னலையைச் செலுத்த முடியாது. பம்பி இல்லையேல் வெற்றிடம் இல்லை. வெற்றிடம் இல்லையேல் மின்னலைச் சோதனை இல்லை. அச்சோதனை இல்லையேல் அணுப்பொறியும் இல்லை. சாகாவின் துயரம் இச்சங்கிலியின் முதற் கண்ணியிலேயே தொடங்கியது.

கடல் கொண்ட கருவிகள்

1938 ஆம் ஆண்டிற் சாகா கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குப் பாலித் பேராசிரியராகத் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் யுரேனியக் கருப்பிளவு கண்டறியப்பட்டது. அணுக்கருவியலை இந்திய மாணவர் உடனே கற்றல் வேண்டும் எனத் துணிந்த சாகா, 1940 ஆம் ஆண்டில் அதனை முதுமாணிப் பாடத்திட்டத்திற் சேர்த்தார். தம் மாணவராகிய நாக் சௌதுரி அவர்களைக் கலிபோர்னியாவின் பேர்க்கிலி நகரத்திற்கு, இலோரன்சின் ஆய்வுகூடத்திலேயே பயிலுமாறு அனுப்பினார். தாத்தா அறநிலையம் 60,000 ரூபா வழங்கியது. நேரு அவர்களும் இம்முயற்சிக்கு ஆதரவாய் நின்றார்.

1941 ஆம் ஆண்டில் நாக் சௌதுரி கலாநிதிப் பட்டத்தோடு திரும்பினார். காந்தத்திற்குரிய பகுதிகள் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தன. வெற்றிடப் பம்பிகள் முதலிய கருவிகள் பின்னொரு கப்பலில் வருவனவாயிருந்தன. அதற்குள் யப்பானும் போரில் இறங்கியது. அக்கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது. கருவிகளும் அதனோடு ஆழ்ந்தன.

கடல் கொண்டதை மீட்டல் அரிதென்பதைக் கல்லடி, நாவலடி மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாளின் பின்னர் அதனை அறியாதார் இவ்வூரில் இலர். உயிரிழப்போடு கருவியிழப்பை ஒப்பிடுதல் தகாது. எனினும், இழந்தபின் எஞ்சியது கொண்டு எழுவது எங்ஙனம் என்னும் வினா இரண்டிடத்தும் ஒன்றே.

சாகா கைகட்டி இருந்தாரல்லர். போர்க்காலத்தில் வெளிநாட்டுக் கருவிகளைப் பெற வழியில்லை. ஆதலின் பம்பிகளைக் கல்கத்தாவிலேயே செய்து பார்க்கத் தம் குழுவினரை ஏவினார். செய்யப் புகுந்தபோதுதான், பேர்க்கிலியில் ஒரு பம்பி இயங்குவதற்குப் பின்னால் எத்தனை தொழிற்சாலைகளும், எத்தனை வகை உலோகங்களும், எண்ணெய்களும், கைத்திறன் மிக்க எத்தனை தொழிலாளரும் நிற்கின்றனர் என்பது புலனாயிற்று. வரைபடத்தைக் கொண்டுவரலாம், பயிற்சி பெற்ற ஒருவரையும் கொண்டுவரலாம், ஒரு நாட்டின் தொழில்வளத்தைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவர இயலாது. இவ்வுண்மையை விலை கொடுத்துக் கற்ற முதல் இந்தியக் குழுவினருள் சாகாவின் குழுவினரும் அடங்குவர். ஆண்டுகள் கடந்தன. மேல்நாட்டில் புதுப்புதுப் பொறிகள் எழுந்தன. கல்கத்தாப் பொறியோ தாமதத்தின்மேல் தாமதமுற்றது.

அணுக்கருவியற் கழகம்

பொறி நிறைவுறாத போதிலும், பொறியைச் சூழ்ந்து ஒரு பள்ளி நிறைவுற்றது. 1948 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற அணுக்கருவியற் கழகம், 1950 ஆம் ஆண்டு சனவரி 11 ஆம் நாள், கியூரி அம்மையாரின் மகளாராகிய ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையாராற் கல்கத்தாவிலே திறந்துவைக்கப்பட்டது. இந்தியாவின் முதல் இலத்திரன் நுணுக்குக்காட்டியும் கல்கத்தாவிற் சாகாவின் ஆதரவிலேயே ஆக்கப்பட்டது. வெற்றிடம், உயரழுத்த மின், இலத்திரன் கதிர் ஆகியவற்றில் கைப்பழக்கம் பெற்ற இளைஞர் கூட்டமொன்று அங்கு உருவாகியது.

இக்காலத்திற் பம்பாயில் ஓமி பாபா அவர்களின் தலைமையில் அணுவாராய்ச்சி விரைந்து வளர்ந்தது. 1948 ஆம் ஆண்டில் அமைந்த அணுசக்தி ஆணைக்குழுவின் தலைமையும் பாபாவுக்கே கிடைத்தது. தொழில்வளமும் பயிற்சி பெற்ற ஆட்களும் முதலில் வேண்டும், பல்கலைக்கழகங்களிலேயே ஆராய்ச்சி வளர்தல் வேண்டும் என்பது சாகாவின் கருத்து. அரசின் நேரான ஆதரவில், தனி நிறுவனங்களில் விரைந்து செல்லுதல் வேண்டும் என்பது மறுபக்கத்தாரின் துணிபு. இருவரும் நாட்டின் நலம் நாடியவரே. ஆயினும் அரசின் பொருளும் ஆதரவும் பம்பாய்க்கே மிகுதியாகச் சென்றன. இம்மனத்தாங்கல் சாகாவின் இறுதிக்காலம் வரை தொடர்ந்தது.

நாட்டுப் பணி

ஆய்வுகூடத்தினுள் அடங்கி இருக்கும் இயல்பினர் அல்லர் சாகா. 1935 ஆம் ஆண்டில் விஞ்ஞானமும் பண்பாடும் பற்றிய ஆங்கிலத் திங்களிதழொன்றைத் தொடங்கினார். 1938 ஆம் ஆண்டிற் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த தேசியத் திட்டக்குழுவில் அங்கம் வகித்தார். இளமையில் ஆற்று வெள்ளங்களைக் கண்டு வளர்ந்த அவர், தாமோதர ஆற்றை அடக்கி மக்களுக்குப் பயன்படுத்தும் திட்டத்திற்கு அயராது உழைத்தார். 1952 ஆம் ஆண்டிற் கட்சி சாராதவராய் நின்று கல்கத்தாவிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாய் வந்தோர்க்காக அங்கே குரல் எழுப்பினார். நாட்டில் வழங்கிய பலவகைப் பஞ்சாங்கங்களையும் ஆராய்ந்து ஒரு பொது நாட்காட்டி வகுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அக்குழுவின் பரிந்துரைப்படி 1957 ஆம் ஆண்டு தொடக்கம் இந்திய அரசு சக ஆண்டு நாட்காட்டியை மேற்கொண்டது.

அதனைக் காண அவர் இருந்திலர். 1956 ஆம் ஆண்டு பெப்ரவரி 16 ஆம் நாள், புதுடில்லியில் திட்ட ஆணைக்குழுவின் அலுவலகத்தை நோக்கிச் செல்லும் வழியில் நெஞ்சுநோயால் வீழ்ந்து உயிர் துறந்தார். அப்போது அவருக்கு அகவை 62. அவர் கனவுகண்ட அணுப்பொறி, அவர் எண்ணியவாறு ஆராய்ச்சிக்குப் பயன்படும் நாளை அவர் கண்ணுற்றாரல்லர்.

எஞ்சி நிற்பது

அங்ஙனமாயின் சாகாவின் அணுப்பொறி தோல்வியா? காலத்தையும் பொருளையும் மட்டும் கணக்கிடுவோர் ஆம் என்பர். பின்வந்த வரலாற்றை நோக்குவோர் அங்ஙனம் கூறத் தயங்குவர். அவர் நிறுவிய கழகம் அவர் மறைந்தபின் அவர் பெயரையே தாங்கி இன்றும் நிலவுகின்றது. பேர்க்கிலிக்குச் சென்று மீண்ட நாக் சௌதுரி அக்கழகத்தின் இயக்குநராகிப் பின் இந்தியப் பாதுகாப்பு அமைச்சின் விஞ்ஞான ஆலோசகருமானார். அதே கல்கத்தாவில், பேர்க்கிலியின் 88 அங்குலப் பொறியைத் தழுவி, பெரும்பாலும் உள்நாட்டிலேயே ஆக்கப்பட்ட பெரிய சுழல் ஆர்முடுக்கியில் 1977 ஆம் ஆண்டு துணிக்கைக் கற்றை தோன்றியது. சாகாவின் வழியும் பாபாவின் வழியும் அங்கே ஒன்று கூடின எனலாம். ஏனெனில் அதனை ஆக்கியது பாபாவின் பெயர் தாங்கிய பம்பாய் ஆய்வு நிலையத்தின் குழுவினரே.

பின்னர் இந்தூரில் ஆர்முடுக்கிகளுக்கென்றே ஒரு நிலையம் எழுந்தது. பம்பாயிலும் இந்தூரிலும் பேராற்றல் மின்னலைக் கருவிகளை ஆக்கிச் சோதிக்கும் கூடங்கள் அமைந்தன. அமெரிக்காவின் சிக்காகோ நகரருகே உள்ள பேர்மி ஆய்வுகூடம் புதிய புரோத்தன் ஆர்முடுக்கியொன்றை அமைக்கப் புகுந்தபோது, இந்திய நிறுவனங்களும் அப்பணியிற் பங்காளராயின. இந்தியாவில் ஆக்கிய, ஒவ்வொன்றும் 7 கிலோவாற்று ஆற்றலுடைய மின்னலைப் பெருக்கிகள் அங்கே கொண்டு செல்லப்பட்டன. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் அவ்வாய்வுகூடத்தில் நிகழ்ந்த ஆர்முடுக்கிச் சோதனையில் அவை பயன்பட்டன. ஒரு காலத்தில் கலிபோர்னியாவிலிருந்து வரவேண்டிய கருவி கடலில் மூழ்கியதாற் பணி நின்றது. இன்று இந்தியாவில் ஆக்கிய கருவி அதே அமெரிக்க நாட்டுக்குக் கடல் கடந்து செல்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எண்பது ஆண்டுகளை நிரப்பியது பணம் மட்டுமன்று. பழுதுகண்ட கருவியின் முன் பொறுமையோடு நின்ற மனிதரின் உழைப்புமாகும்.

நம் கல்லூரி மாணவர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? வாங்கிய கருவி நம்முடையதாகாது. பிரித்துப் பார்த்து, பழுது நீக்கி, அளந்து, குறித்து, மீண்டும் இயக்கிய கருவியே நம்முடையதாகும். பரிசோதனையில் எதிர்பார்த்த விடை வராத நாளில் அதனை ஏட்டிலிருந்து அழித்துவிட்டு அயலவர் விடையைப் பார்த்து எழுதும் மாணவன், சாகாவின் வழியைத் தவறவிடுகின்றான். வராத விடையையும் உள்ளவாறே குறித்துவைத்து, அது ஏன் வரவில்லை என்று தேடுபவனே அவ்வழியிற் செல்பவன்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நும்மிற் பலர் பொறியியலாளராயும், மின்னியல் வல்லுநராயும், ஆய்வுகூடங்களில் பணிபுரிவோராயும் உள்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றீர்கள். யூபிலி ஆண்டில் கல்லூரிக்குக் கருவிகளை அன்பளிப்பாகத் தர எண்ணுதல் இயல்பு. அது பாராட்டத்தக்கது. அக்கருவியோடு ஒரு வாரமேனும் நீங்களும் வந்து, மாணவரோடு நின்று, அதனை இணைக்கவும் சோதிக்கவும் பழுது காணவும் கற்பிப்பீர்களாயின், அக்கொடை இருமடங்காகும். அனந்தகுமார தாசர் ஒரு சிறுவனுக்கு உணவும் உறைவிடமும் கொடுத்தார். அச்சிறுவன் ஒரு நாட்டுக்கு ஆய்வுகூடம் கொடுத்தான். நம் வாவிக்கரையிலும் அத்தகைய சிறுவரும் சிறுமியரும் இருக்கின்றனர். அவர்களைத் தேடிக் காணும் கடமை நம் எல்லார்க்கும் உரியது.